நொச்சிக்கால் ஸ்டேஷனுக்குப் பரீட்சை

நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்துவிட்டது. ஆனால் என் பெட்டிக்குக் கீழே ஸ்டேஷன் இல்லை, ஜல்லிக்கல்தான் கிடந்தது.

கயல், கதிர், நீங்கள் இரண்டு பேரும் பரீட்சை இருக்கிறது என்று கோயம்புத்தூரிலேயே இருந்துவிட்டீர்கள். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் என்னோடு அனுப்பி வைத்தீர்கள். போனில் ரயில் பாதையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கப்பா, பெரியம்மா ஊரு இத்தினியூண்டு. அதுக்கு எதுக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன்?" என்று கயல் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டப் போனவன் நான். வள்ளியூரில் பிறந்தவன்தான், ஆனாலும் பெரியம்மா ஊர் இருக்கிற தாமிரபரணிக் கரைப் பக்கம் எனக்குப் பழக்கம் கிடையாது. கேட்டு வந்து எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுகிறேன், படியுங்கள்.

நான் போன வேலை உங்களுக்குத் தெரியும். சுடலைமுத்துப் பெரியப்பா வீட்டுக் கிணற்று மோட்டார் எரிந்துபோய் நம் கடைக்கு வந்தது. அதற்குப் புதுக் காயில் கட்டி, சாக்கில் சுற்றி, திருநெல்வேலியில் திருச்செந்தூர் வண்டி பிடித்தேன். கூட்டம். கடைசிப் பெட்டியில்தான் இடம் கிடைத்தது.

எதிரே காயல்பட்டினத்துக்காரர் ஒருவர். கத்தாரில் வெகுகாலம் கடை வைத்திருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டாராம். பெட்டியைத் திறந்து பேரீச்சம்பழம் கொடுத்தார். "எங்கன இறங்கணும்?" என்று கேட்டார். நொச்சிக்கால் என்றேன்.

"அல்லாவே! கடைசிப் பெட்டியில உக்காந்துக்கிட்டா நொச்சிக்கால்ங்கிறிய? அங்க பிளாட்பாரம் நடுப்பெட்டிகளுக்கு மட்டுந்தான். நமக்கெல்லாம் கல்லுதான்."

எழுந்து நடுப்பெட்டிக்குப் போகலாம் என்றால் சாக்கில் மோட்டார் கனக்கிறது, வழி முழுக்க ஆட்கள். அதற்குள் வண்டி நின்றுவிட்டது. அந்த மனிதர் மேலே இருந்து சாக்கின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து கார்டு இறங்கி ஓடி வந்து மறு காதைப் பிடித்தார்.

"என்னவே சாக்குல, ஆட்டுக்குட்டியா?"

"மோட்டாருங்க."

"மோட்டாருங்களா? கோயம்புத்தூர்க்காரரு போல. பைய இறங்கும். நான் கொடி காட்டாம வண்டி எங்கயும் போவாது."

சிரித்துக்கொண்டே கொடியைக் காட்டிவிட்டுப் போனார். நம் ஊரில் 'ங்க' போடாவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள், இங்கே போட்டால் சிரிக்கிறார்கள்.

மோட்டாரைத் தோளில் வைத்துக் கல்லில் தடுமாறி பிளாட்பாரம் வந்து சேர்ந்தேன். ஒரு தகரக் கூரை, அதன் கீழே இரண்டு சிமெண்டு பெஞ்சு, டிக்கெட் கொடுக்க ஒரு சின்ன அறை, ஒரு வேப்பமரம், மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயர். ஸ்டேஷன் அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அங்கே கல்யாண வீட்டுக் களை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், தூணுக்குத் தூண் தோரணம் கட்டுகிறார்கள். ஏணி மேல் சுண்ணாம்பு மட்டையோடு நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். உங்கள் பெரியப்பா.

"வாங்க தம்பி. சாக்க அங்கன வச்சிட்டு இந்த வாளியப் பிடிங்க. நாளைக்கு நம்ம ஸ்டேஷனுக்குப் பரீட்சை."

ஸ்டேஷனுக்குப் பரீட்சையா? எனக்குப் புரியவில்லை. டிக்கெட் அறையிலிருந்து இசக்கியம்மாள் எட்டிப் பார்த்து விளக்கம் சொன்னார். இவர் ரயில்வே உத்தியோகஸ்தர் இல்லை, உள்ளூர்க்காரர். பக்கத்துப் பெரிய ஸ்டேஷனிலிருந்து டிக்கெட் கட்டு வாங்கி வந்து இங்கே விற்கிறார், அதற்கு அவருக்குக் கமிஷன்.

முன்பு மீட்டர்கேஜ் என்கிற சின்ன லைன் இருந்தபோது எல்லா பாசஞ்சரும் நொச்சிக்காலில் நிற்குமாம். பெரிய லைனாக மாற்றுவதற்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், ரொம்ப நாள் ரயிலே கிடையாது. மறுபடி ரயில் வந்தபோது நொச்சிக்காலில் நிற்காமல் போனது. ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்து, மனுக் கொடுத்து, கடைசியில் ஒரு உத்தரவு வந்தது. காலையிலும் மாலையிலும் போகவர ஒவ்வொரு வண்டி சில மாதங்களுக்கு மட்டும் இங்கே நிற்கும், பரீட்சார்த்த நிறுத்தம் என்று. ஆள் ஏறினால் நிறுத்தம் நிலைக்கும், ஏறாவிட்டால் போய்விடும்.

பரீட்சார்த்தம் என்ற சொல் நொச்சிக்கால் வாயில் நுழையவில்லை. பரீட்சை நிறுத்தம் என்றார்கள். நாளடைவில் வெறும் பரீட்சை ஆகிவிட்டது. நாளைக் காலை வண்டியில் ஒரு அதிகாரி வந்து இறங்கிப் பார்க்கப்போகிறார். பரீட்சை என்றால் இந்த ஊருக்குத் தெரிந்தது பள்ளிக்கூடப் பரீட்சை, அங்கே இன்ஸ்பெக்டர் வருவது, அதற்கு வெள்ளையடிப்பது, வரிசையில் நிற்பது. அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

"ஊரே நாளைக்கு இங்கன நிக்கணும். அப்பத்தான் ஆளு இருக்குன்னு அவருக்குத் தெரியும்" என்றார் பெரியப்பா ஏணி மேலிருந்து. அது சரிதானே என்று எனக்கும் பட்டது.

வீட்டில் பெரியம்மா உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்திருந்தார். நம் வீட்டு அரிசிம்பருப்புச் சோற்றுக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி இருக்கிறது, ஆனால் குணம் வேறே. கறுப்பு உளுந்தும் பூண்டும் தேங்காயும் சேர்ந்து ஒரு வாசம். மூன்று தடவை வாங்கினேன். மோட்டாரை மாட்டி ஓடவிட்டதும் தண்ணீர் வந்தது. வந்த வேலை முடிந்தது.

அப்புறம்தான் பெரியப்பா மகள், உங்கள் சரசு அக்கா வந்தாள். பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் அவளுக்கும் பரீட்சை, கெமிஸ்ட்ரி லேபில்.

"வண்டி நின்னாத்தான் என் படிப்பு ஓடும், சித்தப்பா" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. வண்டி நிற்காத காலத்தில் வயல் வரப்பில் நடந்து பஸ் ரோட்டுக்குப் போவாளாம். பஸ் நிறுத்தினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முதல் இரண்டு வகுப்பு தினமும் போய்விடும். வீட்டில் இருந்தே எதையாவது படி என்று பெரியப்பா சொல்லத் தொடங்கிய சமயத்தில்தான் வண்டி நிற்க ஆரம்பித்திருக்கிறது. நிறுத்தம் போனால் படிப்பும் போகும். அது அவளுக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் அந்த மனிதர் வெயிலில் ஏணி மேல் நின்றார்.

சாயங்காலம் உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இந்தச் சின்ன ஊருக்கு எப்படி ஸ்டேஷன் வந்தது? மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில் வந்தது.

பெரியப்பா சொன்னது: ரயில் பாதைக்கு ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், பதிலுக்கு ஸ்டேஷன் கேட்டு வாங்கினார்கள்.

இசக்கியம்மாள் சொன்னது வேறு. "நிலமாவது கொடுக்கதாவது! இவுங்க கொடுத்திருவாவளா? ஆத்துக்கால் பாலம் இருக்குல்லா, அதுல வண்டி பைய போகும். போகையில நம்ம ஆளுக தாவி ஏறுவாவ, குதிச்சி இறங்குவாவ. மோருப் பானையோட குதிச்சவ உண்டு, வாழைத்தாரோட குதிச்சவன் உண்டு. காலு கையி போயிரும்னு பயந்து ரயில்வேக்காரனே ஒரு மேடை கட்டிப்போட்டான்."

மூன்றாவது பதில் பூக்கார சண்முகத்தாயுடையது. இவர் தினமும் காலை வண்டியில் பிச்சிப்பூ கொண்டுபோய் பாளையங்கோட்டையில் விற்கிறவர். "அது ஒண்ணுமில்ல. கரி எஞ்சின் காலத்துல ஒரு டிரைவர், பெண்டாட்டிக்குத் தினம் பூ வேணும். பூந்தோட்டத்துக்கு நேரா வண்டிய நிப்பாட்டி ஒரு பந்து வாங்கிக்கிட்டுப் போவாரு. அடுத்த டிரைவர் வீட்டுல சும்மா இருப்பாளா? அவளும் கேட்டுட்டா. அப்படியே எல்லா வண்டியும் நின்னு நின்னு, வேற வழியில்லாம ஸ்டேஷன்னு எழுதிட்டாவ."

"இதெல்லாம் உண்மையா அக்கா?"

"பொய்யின்னா எம் பூவு வாடிப்போகட்டும்" என்றார். கூடையைப் பார்த்தேன், விற்காமல் திரும்பிய பூ எல்லாம் ஏற்கெனவே வாடித்தான் இருந்தது. அவரே அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

நான் போய் இடத்தைப் பார்த்தேன். புதுப் பிளாட்பாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சின்ன லைன் காலத்துப் பழைய மேடையின் கல்விளிம்பு புல்லுக்குள் இருக்கிறது. முழங்கால் உயரம்கூட இல்லை. பாலத்துக்கும் அது பக்கம்தான். ஆனால் அந்த மேடை ஊர்ப் பக்கம் இல்லை, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பிச்சித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. ஊருக்கென்று கட்டுகிறவன் ஊர்ப் பக்கம் கட்டாமல் அங்கே ஏன் கட்டினான்? தாவி ஏறுகிறவர்களுக்காக என்றால் எந்தப் பக்கமும் சரிதான். கல்லைத் தடவித் தடவிப் பார்த்தேன், அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எந்தப் பதில் சரி என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். எனக்கு டிரைவர் பெண்டாட்டி மேல் ஒரு சாய்வு இருக்கிறது.

மறுநாள் காலை. ஊரே பிளாட்பாரத்தில். முதல் வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அடுத்து பெண்கள், பிறகு ஆண்கள். பிளாட்பாரம் முழுக்கக் கோலம். இசக்கியம்மாள் டிக்கெட் அறையைப் பூட்டிவிட்டு ஆரத்தித் தட்டோடு நின்றார். சண்முகத்தாய் அன்றைய பூவில் பாதியை மாலையாகவே கட்டிவிட்டார். என் கையில் நன்னாரி சர்பத் தம்ளர். பையை மாட்டிக்கொண்டு ஏறத் தயாராக நின்ற சரசுவின் கையில் பெரியப்பா பன்னீர்ச் செம்பைத் திணித்தார்.

"அப்பா, எனக்கு லேப் இருக்கு."

"ரெண்டு சொட்டுத் தெளிச்சிட்டு ஏறு பிள்ள. வண்டி என்ன ஓடியா போகும்?"

வண்டி வந்தது. அதிகாரி இறங்கினார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு பை. பிள்ளைகள் கை தட்டினார்கள். சண்முகத்தாய் மாலை போட்டார், இசக்கியம்மாள் ஆரத்தி சுற்றினார், சரசு பன்னீர் தெளித்தாள், நான் சர்பத்தை நீட்டினேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையைக் கையை ஆட்டினார். நாங்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம். பின்னால் விசில் கேட்டது. பிறகு சத்தம். திரும்பிப் பார்த்தால் வண்டி பாலத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

ஒருத்தரும் ஏறவில்லை. ஏறவேண்டியவர்கள் எல்லாரும் வரவேற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி மாலையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "இங்க யாரும் ரயில்ல போறதில்லையா?"

"நாங்க தினமும் போறவங்கதான் அய்யா" என்றார் சண்முகத்தாய்.

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நீங்க வந்துட்டியள்லா."

சரசு செம்பைக் கீழே வைத்தாள். பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு வரப்பில் இறங்கி ஓட ஆரம்பித்தாள். "தம்பி, பின்னாலயே போங்க" என்றார் பெரியப்பா. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானும் ஓடினேன். பூக்கூடையோடு சண்முகத்தாயும் வந்தார். எங்கே போகிறார்கள் என்று கேட்டபடி அதிகாரியும் வந்தார், மாலை வண்டி வரைக்கும் அவருக்கும் வேறு வழி கிடையாது. வழியில் ஒரு கால்வாய், மேலே ஒற்றைப் பனந்தடிப் பாலம். சண்முகத்தாய் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதில் சாதாரணமாக நடந்தார். அதிகாரி உட்கார்ந்து உட்கார்ந்து தாண்டினார்.

பஸ் ரோட்டுக்கு வந்து நின்றோம். தூரத்தில் பஸ் தெரிந்தது. சரசு கையைக் காட்டினாள், சண்முகத்தாய் கையைக் காட்டினார், நான் காட்டினேன். அதிகாரி நடு ரோட்டுக்கே போய் இரண்டு கையையும் காட்டினார். டிரைவர் அவரைச் சுற்றி வளைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். புழுதி அடங்கும்வரை அதிகாரி அங்கேயே நின்றார்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"இன்னைக்கு ஆளப் பாத்துக் கொஞ்சம் ஒதுங்கியாவது போனான்" என்றார் சண்முகத்தாய்.

கடைசியில் வாழை இலைக் கட்டு ஏற்றி வந்த லோடு ஆட்டோ நின்றது. இலைக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்தோம். சரசு வாய்க்குள் எதையோ சொல்லிச் சொல்லிப் படித்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இன்னைக்கு என்னன்னு எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

"ஏறினவங்க யாருமில்லை. பாத்ததத்தானே எழுதணும்?"

சரசு படிப்பதை நிறுத்தினாள்.

பாளையங்கோட்டை வந்ததும் அவள் குதித்து ஓடினாள். அதிகாரி அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டே சட்டையில் ஒட்டிய இலைத்தூசியைத் தட்டினார். பிறகு எங்களிடம் சொன்னார்: "நாளைக்கும் வர்றேன். ஊர்ல சொல்லிருங்க. தோரணம் கூடாது, மாலை கூடாது. நான் வந்ததாவே யாரும் காட்டிக்கக் கூடாது. என்னை ஒருத்தரும் திரும்பிப் பாக்கக் கூடாது."

நான் மாலை வண்டியில் திரும்பினேன், இந்தத் தடவை நடுப்பெட்டியில். சரசுவும் அதிலேயே வந்தாள். தாமதமாகப் போனாலும் லேபுக்குள் விட்டுவிட்டார்களாம், பரீட்சையை முடித்துவிட்டாள்.

வீட்டுக்குப் போனால் பெரியப்பா புதுத் திட்டத்தோடு இருந்தார். "நாளைக்கு ஊரோட ஏறி அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிருவோம். கிழவன் கிழவி ஒண்ணு பாக்கியில்லாம."

"அது காப்பி அடிக்கிறது, அப்பா" என்றாள் சரசு. "தினமும் போறவுக போனாப் போதும். மத்தவுக வீட்டுல இருங்க. அதுல நிக்கலேன்னா நிக்காண்டாம்."

இழந்தால் அவள்தான் இழக்கிறாள். அதைச் சொல்லவும் அவளுக்குத்தான் உரிமை. பெரியப்பா தலையைச் சொறிந்தார், பிறகு வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலை நானும் ஊருக்குக் கிளம்பி ஸ்டேஷனுக்குப் போனேன். தோரணம் இல்லை. பூக்காரர்கள், தயிர்க்காரர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், ஜவுளிக்கடைக்குப் போகிற பெண்கள். இத்தனை பேர் தினமும் இங்கே ஏறுகிறார்களா என்று எனக்கே ஆச்சரியம். அதிகாரி வரப்பு வழியாக வந்தார். பஸ் அவரை எங்கே இறக்கிவிட்டதோ, முழங்கால் வரை சேறு.

"வணக்கம்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. பெரியப்பா வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி டிக்கெட் அறைக்குப் போய், "கூட்டம் எப்பவும் இப்படியா?" என்று கேட்டார். இசக்கியம்மாள் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அடுத்த ஆளு வாங்க" என்றார். அதிகாரி குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். குடம் வைத்திருந்த தயிர்க்காரர் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் உத்தரவு உத்தரவுதானே, நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வண்டி வந்தது. ஒரே தள்ளுமுள்ளு. அதிகாரியை ஒரு தூணைச் சுற்றிப் போகிற மாதிரி சுற்றிப் போய் எல்லாரும் ஏறினார்கள். "வழியில நிக்காதேயும் வே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது, அவரைப் பார்க்காமல்தான் சொன்னார்கள். சரசு எனக்கு ஜன்னல் ஓரம் பிடித்து வைத்திருந்தாள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இதை எழுதுகிற வரைக்கும் வண்டி நொச்சிக்காலில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. நிரந்தரம் என்று இன்னும் தாள் வரவில்லை, பரீட்சையை நீட்டியிருக்கிறார்கள் என்று பெரியப்பா போனில் சொன்னார். சரசு தினமும் போய் வருகிறாள்.

அன்றைக்கு வண்டி நகர்ந்தபோது வெளியே பார்த்தேன். பிளாட்பாரத்தில் அந்த அதிகாரி மட்டும்தான் தனியாக நின்றார். சேற்றுக் காலோடு, சிரித்துக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆட்டினார். சரசுவுக்குக் கை துறுதுறுத்தது. நானும் பாதி எழுந்துவிட்டேன். சண்முகத்தாய் பூக்கூடையைத் தூக்கி ஜன்னலை மறைத்துக்கொண்டு எங்களை அதட்டினார்.

"பாக்காதிய, யாரும் பாக்காதிய. பரீட்சை இன்னும் முடியல."